ஃபிக்ஸட் லிமிட், பாட் லிமிட், நோ லிமிட்: உங்கள் டேபிளுக்கு எது சரி?

போக்கர் பழக வருபவர் முதலில் மனப்பாடம் செய்வது சீட்டு வரிசையைத்தான். ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெயிட் பெரிதா என்பது அரைமணி நேரத்தில் படிந்துவிடும். பந்தய வரம்பு அப்படிப் படிவதில்லை. அதே 52 சீட்டு, அதே டெக்ஸாஸ் ஹோல்டெம்தான். ஆனால் வரம்பை மாற்றியதும் ஆட்டமே மாறிவிடும். ஒரு வரம்பில் சரியாக இருக்கும் முடிவு இன்னொன்றில் கையிருப்பைக் கரைக்கும். அதனால் புதிதாக ஒரு டேபிள் போடுபவரும், நடந்துகொண்டிருக்கும் டேபிளில் உட்காரப் போகிறவரும் சீட்டைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

எல்லா வரம்புகளையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: அடுத்த சீட்டைப் பார்க்க நினைக்கும் எதிராளியிடம் நீங்கள் எவ்வளவு விலை கேட்க முடியும்? ஃபிக்ஸட் லிமிட்டில் விலை முன்பே எழுதி ஒட்டியிருக்கிறது. பாட் லிமிட்டில் பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை வரைக்கும் கேட்கலாம். நோ லிமிட்டில் உங்கள் முன்னால் இருக்கும் கடைசி சிப் வரைக்கும் கேட்கலாம்.

முதலில் பெயரில் இருக்கும் பொறியைச் சொல்லிவிட வேண்டும். ஃபிக்ஸட் லிமிட்டில் "2/4" என்றால் அது பெட்டின், அதாவது ஒருவர் வைக்கும் பந்தயத்தின் அளவு. நோ லிமிட்டில் "1/2" என்றால் அது பிளைண்டின், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகையின் அளவு. இரண்டு டேபிளிலும் சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2 என்றுதான் வழக்கமாக இருக்கும். பெயரைப் பார்த்து 2/4தான் பெரிய ஆட்டம் என்று எண்ணுகிறார்கள். உண்மை தலைகீழ். 2/4 ஃபிக்ஸட் லிமிட்டில் ஒரே கையில், அதாவது ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பதற்குள், ஒருவர் போடக்கூடிய அதிகபட்சம் 48. 1/2 நோ லிமிட்டில் 200 சிப்போடு உட்கார்ந்தவருக்கு அந்த 200 முழுவதும் ஒரே கையில் போகலாம்.

ஃபிக்ஸட் லிமிட்

அந்த 48 எப்படி வருகிறது? ஹோல்டெமில் நடுவில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு ஃப்ளாப்; நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஃப்ளாப்புக்கு முன்பும் ஃப்ளாப்பிலும் ஒவ்வொரு பெட்டும், அதை உயர்த்தும் ஒவ்வொரு ரெய்ஸும் சரியாக 2. டர்னிலும் ரிவரிலும் சரியாக 4. ஒன்றரை மடங்கோ மூன்று மடங்கோ கிடையாது. ஒரு சுற்றில் ஒரு பெட், அதன்மேல் மூன்று ரெய்ஸ், அதோடு மூடிவிடுவார்கள். இதற்குத்தான் கேப் என்று பெயர். (நான்கு ரெய்ஸ் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. இரண்டே பேர் மீதமிருந்தால் பல கேஷ் டேபிள்களில் கேப்பை எடுத்துவிடுவார்கள்.) ஆக முதல் இரண்டு சுற்றில் தலா 8, கடைசி இரண்டில் தலா 16. மொத்தம் 48, அதாவது தலா 4 கொண்ட 12 பெரிய பெட்.

விலை நிலையானது என்பதால் ஆட்டத்துக்கு என்ன ஆகிறது என்று ஒரு கையில் பார்ப்போம். ஐந்து பேர் தலா 2 போட்டு ஃப்ளாப் பார்க்கிறார்கள்; பாட் 10. ஃப்ளாப்பில் ஒருவர் 2 பெட் வைக்க மூவர் கால் செய்கிறார்கள், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார்கள், பாட் 18. டர்னில் 4 பெட். இப்போது உங்கள் கையில் ஃப்ளஷுக்கு, அதாவது ஐந்து ஹார்ட்டுக்கு, ஒரு சீட்டு குறைகிறது. 4 போட்டால் 22 கிடைக்க வாய்ப்பு. நீங்கள் பார்க்காத 46 சீட்டில் 9 உங்களுக்கு உதவும், 37 உதவாது. 9 முறை 22 வென்றால் 198; 37 முறை 4 தோற்றால் 148. கால் செய்வதில் தெளிவான லாபம் இருக்கிறது. பெட் வைத்தவருக்கு உங்களை விரட்ட வழியே இல்லை.

அதே 18 பாட், ஆனால் நோ லிமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 18 பெட் வைக்கிறார். நீங்கள் 18 போட்டு 36க்குப் போட்டியிடுகிறீர்கள். 9 முறை 36 என்றால் 324. 37 முறை 18 என்றால் 666. ஃப்ளஷ் விழுந்தபோதெல்லாம் ரிவரில் சராசரியாக இன்னொரு 38 வாங்க முடிந்தால்தான் கை கடிக்காமல் தப்பலாம். எதிராளியிடம் அவ்வளவு சிப் மீதமில்லை என்றாலோ, மூன்றாவது ஹார்ட்டைப் பார்த்ததுமே அவர் ஒதுங்கிவிடுபவர் என்றாலோ அந்தக் கால் தவறு. சீட்டு ஒன்றுதான், முடிவு வேறு.

ஃபிக்ஸட் லிமிட்டில் ஜோடி ஏஸ் பிடித்தவர்கள் புலம்புவதற்கும் காரணம் இதுவே. எதிரில் ஒரே ஆள், கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்றால் ஜோடி ஏஸ் சுமார் 85 சதவீதம் வெல்லும். ஐந்து பேர் கடைசிவரை நின்றால் அது பாதிக்கும் கீழே, சுமார் 49 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபிக்ஸட் லிமிட்டில் அந்த ஐந்து பேரையும் வெளியேற்றும் கருவி உங்களிடம் இல்லை. இதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆறு பேர் போடும் பாட்டில் பாதிமுறை வென்றால் அது கொழுத்த லாபம். ஆனால் பாதிமுறை தோற்பதைப் பொறுக்கும் மனம் வேண்டும்.

நோ லிமிட் பழகியவர்கள் இங்கே வந்து செய்யும் பெரிய தவறு, ரிவரில் ஃபோல்ட் செய்வது, அதாவது சீட்டை வீசிவிட்டு ஒதுங்குவது. பாட்டில் 30 இருக்க எதிராளி 4 பெட் வைக்கிறார் என்றால், 4 போட்டு 34க்கு நிற்கிறீர்கள். பத்தில் ஒரு முறையைவிடச் சற்று அதிகம் வென்றாலே போதும். நடுத்தரமான ஒரு ஜோடியைக்கூட அங்கே வீசக் கூடாது. கையில் ஒன்றுமில்லாமல் பெட் வைத்து எதிராளியை விரட்டப் பார்க்கும் ப்ளஃபும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் நிற்கிறது: அது எட்டுக்கு ஒன்று பலித்தாலும் நட்டமில்லை. ஆனால் கால் செய்வதும் மலிவு என்பதால் எதிராளி பெரும்பாலும் பார்த்துவிடுவார். ஆக ஃபிக்ஸட் லிமிட் சின்னச் சின்ன விளிம்பு லாபங்களை ஆயிரக்கணக்கான கைகளில் சேர்க்கும் ஆட்டம். ஒரு பெட் தவறவிட்டால் அந்தக் கையில் தெரியாது. மாதக் கடைசியில் தெரியும்.

இன்னொரு நுணுக்கம்: டர்னில் பெட் இரட்டிப்பாகிறது. அதனால் ஃப்ளாப்பில் வலுவான கை கிடைத்தால் அங்கேயே 2க்கு ரெய்ஸ் செய்யாமல், கால் செய்து டர்னில் 4க்கு ரெய்ஸ் செய்வது பல நேரம் கூடுதல் வருமானம். ஆனால் பின்னால் ஒரு சீட்டு குறைந்து நிற்கும் டிராக்காரர்கள் இரண்டு மூன்று பேர் காத்திருந்தால் இந்தப் பொறுமை அவர்களுக்கு மலிவாக ஒரு சீட்டைக் காட்டிவிடும்.

செவன் கார்ட் ஸ்டட், ராஸ், ஒமாஹா ஹை-லோ, ட்ரிபிள் ட்ரா போன்றவை இன்றும் பெரும்பாலும் ஃபிக்ஸட் லிமிட்டில்தான் ஆடப்படுகின்றன. பந்தயச் சுற்றுகள் கூடுதலாக இருக்கும் ஆட்டங்களிலும், பாட் இரண்டாகப் பிரியும் ஆட்டங்களிலும் ஒவ்வொரு சுற்றும் உயிரோடு இருக்க இந்த வரம்பு உதவுகிறது.

இந்த ஆட்டம் எவ்வளவு அடக்கமானது என்பதற்குக் கணினி ஒரு சாட்சி. இருவர் ஆடும் ஃபிக்ஸட் லிமிட் ஹோல்டெம் நடைமுறையில் தீர்க்கப்பட்டுவிட்டதாக ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015 ஜனவரியில் அறிவித்தது. அதில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் சுமார் 10இன் 14ஆம் அடுக்கு. இருவர் ஆடும் நோ லிமிட்டில் அது சுமார் 10இன் 160ஆம் அடுக்கு. பெட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் ஒன்றே இத்தனை பெரிய வேறுபாட்டைக் கொண்டுவருகிறது.

ஸ்ப்ரெட் லிமிட்

இதை நீட்ட வேண்டியதில்லை. "1–5" என்றால் எந்தச் சுற்றிலும் 1 முதல் 5 வரை எவ்வளவு வேண்டுமானாலும் பெட் வைக்கலாம். ரெய்ஸ் அதற்கு முந்தைய பெட்டுக்குக் குறையக் கூடாது. சட்டம் பெட்டுக்கு உச்சவரம்பு போட்ட இடங்களில் இது செழித்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2009 வரை ஒரு பெட் 5 டாலரைத் தாண்டக் கூடாது. பிறகு 100 டாலராக உயர்த்தினார்கள். இதில் இருக்கும் ஆபத்து, பெட்டின் அளவே கையைக் காட்டிக்கொடுப்பது. நல்ல கைக்கு 5, சுமாரான கைக்கு 2 என்று போடுபவரைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். இந்த வரம்பில் ஆடினால் எப்போதும் ஒரே அளவு போடுங்கள்.

பாட் லிமிட்

எல்லா வரம்புகளிலும் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "நடுவில் இருப்பதற்குச் சமமாக ரெய்ஸ் செய்யலாம்" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தொகையை மட்டும் எண்ணுவார்கள். விதி அதுவன்று. முதலில் நீங்கள் கால் செய்ததாகக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தக் காலும் சேர்ந்த பாட் எவ்வளவோ, அவ்வளவு ரெய்ஸ் செய்யலாம்.

பாட் 100. எதிராளி 50 பெட். நீங்கள் 50 கால் செய்தால் பாட் 200. அதன்மேல் 200 ரெய்ஸ். ஆக நீங்கள் முன்வைக்கும் மொத்தம் 250. சுருக்கு வழி: கடைசி பெட்டை மூன்றால் பெருக்கு, அதற்கு முன் பாட்டில் இருந்ததைக் கூட்டு. 50 × 3 + 100 = 250.

ஃப்ளாப்புக்கு முன் பிளைண்ட் 1/2 என்றால், 2 × 3 + 1 = 7. அதுவே முதலில் ரெய்ஸ் செய்பவரின் உச்சம். உங்களுக்கு முன் ஒருவர் வெறுமனே 2 போட்டு நுழைந்திருந்தால் 9, இருவர் என்றால் 11. ஒருவர் 7க்கு ரெய்ஸ் செய்த பின் அடுத்தவர் 7 × 3 + 3 = 24 வரை போகலாம். மூன்றாவதாக ஒருவர் வந்தால் 24 × 3 + 7 + 3 = 82. ஆனால் மீண்டும் ரெய்ஸ் செய்பவர் அந்த 7ஐப் போட்டவரேயானால், அவருடைய 7ஐக் கூட்டக் கூடாது: 72 + 3 = 75தான். கணக்கு வழுக்கும் இடம் இதுதான். டேபிளில் சண்டை வருவதும் பெரும்பாலும் இங்கேதான்.

சில இடங்களில் வேகத்துக்காகச் சின்ன பிளைண்டையும் பெரிய பிளைண்டாகவே எண்ணுவார்கள். அப்போது 7 என்பது 8 ஆகிவிடும். இரண்டும் புழக்கத்தில் உள்ளவையே. எது உங்கள் டேபிளின் வழக்கம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் போதும். பாட் எவ்வளவு என்று டீலரிடம் கேட்கும் உரிமையும் பாட் லிமிட்டில் மட்டுமே உண்டு. மற்ற வரம்புகளில் டீலர் எண்ணிச் சொல்ல மாட்டார். நீங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட் லிமிட் என்றால் மிதமான ஆட்டம் என்று நினைத்து உட்காருபவர்களுக்கு ஒரு கணக்கு. பிளைண்ட் 1/2, இருவரிடமும் தலா 200. ஒருவர் 7க்கு ரெய்ஸ், பெரிய பிளைண்ட் கால், சின்ன பிளைண்டின் 1 அங்கேயே கிடக்கிறது; பாட் 15. ஃப்ளாப்பில் 15 பெட், கால்: பாட் 45. டர்னில் 45 பெட், கால்: பாட் 135. இதுவரை ஒவ்வொருவரும் போட்டது 67, மீதம் 133. ரிவரில் பாட் அளவுக்குப் பெட் வைத்தால் இருவரின் கடைசி சிப்பும் உள்ளே போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் பாட் மும்மடங்காகிறது என்பதே காரணம். நோ லிமிட்டில் ஒரே அடியில் நடப்பது இங்கே நான்கு படிகளில் நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு படிகள் மிக முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் இறங்கிப்போக உங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

ஒமாஹாவுக்கு இந்த வரம்பு வாய்த்ததும் அதனால்தான். ஹோல்டெமில் ஜோடி ஏஸ் ஜோடி கிங்கை 100க்கு 82 முறை வெல்லும். நான்கு சீட்டு ஒமாஹாவில் ஃப்ளாப்புக்கு முன் கைகளுக்கிடையே அவ்வளவு இடைவெளி இருக்காது. ஏஸ் ஜோடிக்கு எதிரே அடுத்தடுத்த எண்களில் ஒழுங்காக அமைந்த கை 100க்கு 35, 40 முறைகூட வெல்லும். அங்கே நோ லிமிட் வைத்தால் ஏஸ் வந்தவர்கள் முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று ஆடவே ஒன்றும் மிஞ்சாது. அதே சமயம், கைகள் நெருக்கமாக இருப்பதால் ஏற்ற இறக்கம் ஹோல்டெமைவிடக் கடுமை. கையிருப்புக் கணக்குப் போடும்போது இதை மறக்கக் கூடாது.

நோ லிமிட்

இதில் இரண்டே விதிகள் அடிப்படை. ஒன்று, கை தொடங்கும்போது டேபிளில் உங்கள் முன் இருப்பது மட்டுமே ஆட்டத்தில் உண்டு. நடுவில் பையிலிருந்து எடுத்துப் போடவும் முடியாது; வென்றதில் பாதியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரவும் முடியாது. இரண்டு, ரெய்ஸின் குறைந்தபட்ச அளவு. அது முந்தைய ரெய்ஸ் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு. பிளைண்ட் 2 இருக்க ஒருவர் 6க்கு ரெய்ஸ் செய்தால் கூடுதல் 4. அடுத்தவர் குறைந்தது 10 ஆக்க வேண்டும், 12 தேவையில்லை. அவர் 16 ஆக்கினால் கூடுதல் 10. அதற்கடுத்தவர் குறைந்தது 26.

தகராறு வருவது அரைகுறை ஆல்-இன்னில், அதாவது ஒருவர் மீதமுள்ள எல்லா சிப்பையும் போட்டும் முழு ரெய்ஸ் ஆகாதபோது. ஃப்ளாப்பில் ஒருவர் 20 பெட், அடுத்தவர் கால், மூன்றாமவரிடம் 30தான் இருக்கிறது, ஆல்-இன். கூடுதல் 10 மட்டுமே. முழு ரெய்ஸுக்கு 20 வேண்டும். அதனால் முதலில் பெட் வைத்தவர் அந்த 10ஐப் போடலாம், அல்லது ஒதுங்கலாம். மீண்டும் ரெய்ஸ் செய்ய முடியாது. பாட் லிமிட்டிலும் இதே விதி. ஃபிக்ஸட் லிமிட்டில் பாதி ரெய்ஸே போதும்: 4 பெட்டின்மேல் ஆல்-இன் 6 வந்தால் பந்தயம் மீண்டும் திறக்கும், 5 வந்தால் திறக்காது.

இன்னும் இரண்டு தவறுகள் புதியவர்களைத் தொடர்ந்து கடிக்கின்றன. எதிரில் ஒரு பெட் இருக்கும்போது வாய் திறக்காமல் 100 மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை வீசினால் அது கால் மட்டுமே. ரெய்ஸ் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடி வைத்துவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு கைப்பிடி எடுத்து வைத்தால் இரண்டாவது செல்லாது. "ரெய்ஸ், 60" என்று முதலில் சொல்லிவிடும் பழக்கம் இரண்டையும் தீர்த்துவிடும்.

நோ லிமிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பிளைண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியது சிப்பின் ஆழம். 1/2 ஆட்டத்தில் 80 சிப்போடு உட்காருவது பெரிய பிளைண்டைப்போல் 40 மடங்கு. 400 சிப்போடு உட்காருவது 200 மடங்கு. 40 மடங்கில் மேல் ஜோடி, அதாவது நடுவில் விழுந்த பெரிய சீட்டோடு சேரும் ஜோடி, கிடைத்தால் எல்லாவற்றையும் உள்ளே விடுவது பெரும்பாலும் சரி. 200 மடங்கில் அதே ஜோடியோடு எல்லாவற்றையும் விட்டால், எதிரே கால் செய்தவரிடம் அதைவிடப் பெரியதுதான் இருக்கும். கற்றுக்கொள்பவர்கள் இருக்கும் டேபிளுக்கு 40 அல்லது 50 மடங்கு என்று உச்சம் வைப்பது, எந்த வரம்பு மாற்றத்தையும்விட நல்ல பாதுகாப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து.

ப்ளஃப் இங்கேதான் முழு உயிர் பெறுகிறது. பாட்டுக்குச் சமமாக வைத்த ப்ளஃப் இரண்டுக்கு ஒன்று பலிக்க வேண்டும். பாட்டின் இரண்டு மடங்கு வைத்தால் மூன்றுக்கு இரண்டு. பாட் லிமிட்டில் முதல் கணக்கோடு நிறுத்தியாக வேண்டும். இரண்டாவதை நோ லிமிட் மட்டுமே அனுமதிக்கிறது.

எதைத் தேர்வது?

ஆட்டம் தெரிந்தவரும் தெரியாதவரும் கலந்த டேபிள், எல்லோரும் இரவு முழுவதும் உட்கார்ந்து ஆட வேண்டும் என்றால் ஃபிக்ஸட் லிமிட். ஒரே கையில் யாரும் காலியாகி வெளியே உட்கார மாட்டார்கள். தவறுக்கு விலை உண்டு, ஆனால் தவணையில் வசூலாகும். நிறைய கைகளைக் கடைசிவரை பார்ப்பதால் புதியவருக்கு எந்தக் கை எதை வெல்லும் என்பது வேகமாகப் படியும்.

போட்டிகளுக்குத் தயாராகிறவருக்கு நோ லிமிட் தவிர வேறு வழியில்லை. லாஸ் வேகஸில் 1970இல் தொடங்கிய வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டி நோ லிமிட் ஹோல்டெம்தான். 2003இல் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத கிறிஸ் மணிமேக்கர் அதை வென்ற பிறகு கேஷ் டேபிள்களும் பெரும்பாலும் நோ லிமிட்டுக்கே மாறின. ஃபிக்ஸட் லிமிட்டில் இரண்டு வருடம் பழகிவிட்டு அங்கே போனால் பல பழக்கங்களை மறக்க வேண்டியிருக்கும். குறைந்த பிளைண்ட், 50 மடங்கு உச்சம் என்று நோ லிமிட்டிலேயே தொடங்குவது மேல்.

நான்கு சீட்டு ஆட்டம் என்றால் பாட் லிமிட். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஹோல்டெமையும் பாட் லிமிட்டில் ஆடலாம். பெரிய ஆல்-இன்களைக் கண்டு மிரளும் டேபிளுக்கு அது நல்ல இடைவழி, ஆனால் கணக்குப் போடத் தெரிந்த ஒருவராவது டேபிளில் இருக்க வேண்டும்.

கையிருப்பு விஷயத்தில் வழக்கமான அளவுகோல்கள் இவை: ஃபிக்ஸட் லிமிட்டுக்கு 300 பெரிய பெட், 2/4 என்றால் 1,200. நோ லிமிட் ஹோல்டெமுக்கு 20 முதல் 30 முழு பை-இன் (ஒருமுறை உட்காரும்போது வாங்கும் சிப்); 1/2இல் 100 மடங்கு கணக்கில் 4,000 முதல் 6,000. பாட் லிமிட் ஒமாஹாவுக்கு 50க்குக் குறையாமல். பிளைண்ட் ஒன்றாகவே இருந்தும் தேவைப்படும் தொகை இவ்வளவு விலகுகிறது. இந்தத் தொகை போனால் வீட்டுச் செலவு தடுமாறும் என்றால் அந்த வரம்பு உங்களுக்கானது அல்ல. ஒரு படி இறங்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் முதல் சீட்டுக்கு முன் சத்தமாகச் சொல்ல வேண்டியவை: ஒரு சுற்றில் எத்தனை ரெய்ஸ், இருவர் மட்டும் மிஞ்சினால் கேப் உண்டா, பாட் லிமிட்டில் முதல் ரெய்ஸின் உச்சம் 7ஆ 8ஆ, உட்காரும்போது அதிகபட்சம் எவ்வளவு, சிப் தீர்ந்தால் எத்தனை முறை மீண்டும் வாங்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு எண் ஒன்று கட்டாயம் வேண்டும். நோ லிமிட் டேபிளில் பிளைண்டும் ரெய்ஸும் எத்தனை கறாராக இருந்தாலும், மறுபடி வாங்க வரம்பில்லை என்றால் அன்றிரவு ஒருவர் இழக்கக்கூடியதற்கும் வரம்பில்லை.